அத்தியட்சர் தாண்டிய கயிறு

உப்பளத்துப் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களில் இன்னும் மிஞ்சியிருப்பவர்களுக்கு இதை எழுதுகிறேன். விரல் விட்டு எண்ண ஒரு கை போதும் என்று நினைக்கிறேன். கண் தெரிகிறவர்கள் நீங்களே வாசியுங்கள். தெரியாதவர்கள் பேரப்பிள்ளைகளைப் பிடித்து இருத்தி வாசிக்கச் சொல்லுங்கள். அதுகள் முணுமுணுக்கும், விடாதீர்கள்.

நம் சின்னக் கோயிலின் ஆண்டு நிறைவுக்கு ஒரு மலர் போட்டிருக்கிறார்களே, பார்த்தீர்களா? எனக்குத் தபாலில் வந்தது. பளபளப்பான தாள், நிறையப் படம், எழுத்துப் பிழைக்கும் குறைவில்லை. அதில் நம் காலத்து அத்தியட்சரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார்கள். இந்தத் தீவின் அங்கிலிக்கன் சபைக்கெல்லாம் தலைவராக இருந்த பிஷப் அவர். நல்லதாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் கடைசிப் பந்தியில், அவர் நம் அடக்க நிலமான சேமக்காலையைப் பிரதிஷ்டை பண்ண வந்தபோது கண் மங்கியிருந்ததால் எல்லைக் கயிறு தெரியாமல் வெளியே நடந்துவிட்டார் என்றும், அதனால்தான் மதில் தென்மேற்கு மூலையில் வயிறு தள்ளி நிற்கிறது என்றும் போட்டிருக்கிறது. அடுத்த பக்கத்தில் இன்னொரு செய்தி. பழைய மதிலை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்களாம். இந்த முறை நேராக.

மதில் நேரானால் என் தம்பி வெளியே போய்விடுவான். அந்த வளைவுக்குள்தான் அவன் கிடக்கிறான். கல் வைக்கவில்லை, சிலுவை வைக்கவில்லை, வைத்த சிப்பிகளும் மண்ணுக்குள் போய்விட்டன. ஆகவே மலர் போட்ட குழுவில் இருக்கும் பிள்ளைகளைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

அத்தியட்சருக்குக் கண் நன்றாகத் தெரியும். அதை அறிந்தவர்களில் இப்போது மிச்சம் நான் ஒருத்திதான். இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்ததற்குக் காரணம் உண்டு. அதையும் சொல்கிறேன்.

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. பாலாவிப் பக்கம் வெள்ளைக்காரர் ஏரோப்பிளேன் இறங்கத் தரை போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடக் கூரைக்கு மேலால் ஒன்று போனால், நமக்கு வாத்தியாராக இருந்த என் அப்பாவே கணக்கை நிறுத்திவிட்டு வெளியே ஓடுவார், பின்னால் நாம். ஓட்டியவன் தன்னைப் பார்த்துக் கையசைத்தான் என்று உங்களில் ஒருத்தி விடாமல் சத்தியம் பண்ணினாள், யாரென்று அவளுக்குத் தெரியும். கூப்பன் அரிசியில் கல்லும் இருக்கும், புழுவும் இருக்கும். களப்புப் பக்கமிருந்து காற்று அடித்தால் உப்புப் பாத்திகளின் சேற்று வாசம். கடல் பக்கமிருந்து அடித்தால் கருவாட்டு வாசம். இப்போது அந்தப் பக்கம் போனால் நுரைச்சோலை மின்நிலையத்தின் உயரமான புகைபோக்கிதான் முதலில் கண்ணில் படுகிறது. அப்போது தென்னையைவிட உயர்ந்தது எதுவும் இல்லை.

சுற்றிவரக் கத்தோலிக்க ஊர்கள். அவர்களுக்குத் தலவிலத் திருவிழா, கொடி, வெடி, மாட்டுக் கரத்தை வரிசை. கற்பிட்டிப் பக்கம் முஸ்லிம் சனம். நடுவில் நாங்கள் பதினொரு அங்கிலிக்கன் குடும்பம், உப்பளத்து வேலைக்கென்று எங்கெங்கோ இருந்து வந்து ஒட்டிக்கொண்டவர்கள். நமக்கு ஒரு கிடுகுக் கூரைக் கோயில், அதில் ஒரு வெடித்த மணி. “உங்கட கோயில்ல அடிக்கிறது மணியோ, தாச்சிச் சட்டியோ?” என்று கத்தோலிக்கப் பிள்ளைகள் கேட்பார்கள். குருவானவர் மாதத்துக்கு ஒரு முறைதான் புத்தளத்திலிருந்து வருவார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம் நடத்தியது அப்பாதான். யாழ்ப்பாணத்திலிருந்து உபதேசியாராக அனுப்பப்பட்டவர் அவர்.

அப்பாவுக்கு அத்தியட்சர் என்றால் உயிர். சபைப் பத்திரிகையில் வந்த அவருடைய படத்தை வெட்டி எங்கள் அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருந்தார். உடுப்பெடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் நீளமான மூக்கோடு அவர் எங்களைப் பார்ப்பார். மற்றத் தகப்பன்மார் ராசா கதை சொல்லுவார்கள். என் அப்பா அத்தியட்சர் கதை சொல்லுவார். இங்கிலாந்தில் மழை ஓயாத ஒரு ஊரில் சப்பாத்துத் தைக்கிறவரின் மகன். கெட்டித்தனத்தால் படிப்புக்குக் காசு கட்டாமல் பெரிய பல்கலைக்கழகம் போனவர். இளம் குருவாகக் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்து, ஒரு பண்டிதரின் காலடியில் இரண்டு வருஷம் தமிழ் படித்தார். பிறகு மலைநாட்டுத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருந்த லயன் லயனாக நடந்தார். முதலாவது யுத்தத்தில் பட்டாளத்துக்குக் குருவாகப் போய், குழிகளுக்குள் சாகிற பையன்களின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். திரும்பி வந்து கல்லூரி அதிபரானார், கடைசியில் அத்தியட்சரானார்.

இதெல்லாம் மலரிலும் இருக்கிறது. சப்பாத்துத் தைக்கிறவரின் மகன் என்பதை மட்டும் விட்டுவிட்டார்கள். மரியாதைக் குறைவென்று நினைத்தார்களோ தெரியாது. எனக்கு அதுதான் முக்கியம், ஏனென்று பின்னால் தெரியும்.

எனக்கு ஒன்பது வயதானபோது தம்பி பிறந்தான். அடுத்த மாதம் அத்தியட்சர் வருவதாக இருந்தது. கோயிலுக்குப் பின்னால் புதிதாக எடுத்த சேமக்காலை நிலத்தை அவர் வந்து பரிசுத்தப்படுத்த வேண்டும். அப்பாவுக்கு யோசனை வந்தது அப்போதுதான்.

“அத்தியட்சர் வாறார். அவற்ற கையாலயே பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுப்பம். அவற்ற பேரையே வைப்பம்” என்றார்.

“அதுவரைக்கும் பிள்ளை பேரில்லாமலோ?” என்றா அம்மா.

“ஒரு மாதம்தானே, என்ன அவசரம்?”

அம்மாவும் சிரித்துக்கொண்டு சம்மதித்தா. அவவுக்கும் ஆசை இல்லாமலில்லை. துணிக்குத் தட்டுப்பாடான காலத்தில் எங்கிருந்தோ ஒரு துண்டு பரசூட் துணி கிடைத்தது. அதை வெட்டி ஞானஸ்நானச் சட்டை தைத்தா. கையில் எடுத்தால் வழுக்கும், மூக்கில் வைத்தால் இயந்திர எண்ணெய் மணக்கும். எத்தனை தரம் தோய்த்தும் அந்த மணம் போகவில்லை. அவனை நாங்கள் தம்பி என்றே கூப்பிட்டோம்.

துணி கொண்டுவந்து தந்தவர் உப்பளத்து வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர். கோயில் வார்டனும் அவர்தான். நல்ல மனிதர். ஆனால் உப்புப் பாத்தி வெட்டி வெட்டி எல்லாவற்றையும் நேர்கோட்டில் பார்க்கப் பழகியவர். ஆராதனையில் வாங்கு கோணலாக இருந்தால் ஜெபத்துக்கு நடுவில் எழுந்து போய்த் திருத்துவார். அவர் சேமக்காலைக்கு நாலு மூலையிலும் கட்டை அடித்து, முழங்கால் உயரத்துக்குத் தும்புக் கயிறு இழுத்துக் கட்டினார். அத்தியட்சர் சங்கீதம் சொல்லிக்கொண்டு அந்தக் கயிற்றோரமாகச் சுற்றி நடக்க வேண்டும். அவர் நடந்து சுற்றியதற்குள் இருப்பது பரிசுத்த நிலம், வெளியே இருப்பது சும்மா நிலம். எங்கள் சபையின் முறை அது.

முதல் முறை மழையில் பாதை அறுந்தது, அவர் வரவில்லை. இரண்டாம் முறை பெற்றோல் கிடைக்கவில்லை என்று கடிதம் வந்தது. தம்பி குப்புறப் பிரண்டான், சிரித்தான், தலை நிமிர்த்தினான். சட்டையின் தையலைப் பிரித்து அம்மா இரண்டு முறை பெருப்பித்தா. குருவானவர் வந்த ஞாயிறுகளில் அவரே தண்ணீர் ஊற்றியிருக்கலாம். “இன்னும் கொஞ்ச நாள்தானே” என்று அப்பா தள்ளிப்போட்டார். நானும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம், என் தம்பிக்கு அத்தியட்சரே பெயர் வைக்கப் போகிறார் என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் முறை நாள் குறித்து வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பே தம்பிக்குக் காய்ச்சல். அன்று காலையில் கொஞ்சம் தணிந்ததுபோல் இருந்தது. அத்தியட்சரைக் கூட்டிவர அப்பா பாலாவிக்குப் புறப்பட்டார். அவரைக் கொண்டுபோனது கரத்தைக்கார நானா, முஸ்லிம் மனிதர். கோயில் நிலத்தை ஒட்டிய தென்னை வளவு நானாவுடையது. ஊரில் எதை ஏற்றி இறக்குவதென்றாலும் அவருடைய மாட்டுக் கரத்தைதான்.

மத்தியானத்துக்குப் பிறகு தம்பிக்கு வலிப்பு வந்தது. “தண்ணி கொண்டா” என்றா அம்மா. நான் குடத்தில் ஒரு சிரட்டை மொண்டு கொடுத்தேன். உயிர் போகிற அவசரத்தில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். கொஞ்சம் தண்ணீரும் ஒரு வசனமும் போதும். உபதேசியாரின் பெண்சாதிக்கு அது தெரியாமலா இருக்கும்? ஆனால் அத்தியட்சர் பாதையில் வந்துகொண்டிருக்கிறார், இதோ வந்துவிடுவார். ஐந்து மாதம் காத்திருந்த ஒன்றைத் தன் கையால் கெடுக்க அவவுக்கு மனம் வரவில்லை.

“கரத்தைச் சத்தம் கேக்குதோ எண்டு பார்” என்றா.

நான் பாதைக்கு ஓடிப் பார்த்தேன். மணல்தான் கிடந்தது. திரும்பவும் அனுப்பினா. திரும்பவும் ஓடினேன். மூன்றாம் தரம் நான் ஓடி வந்தபோது, தம்பி மடியில் அசையாமல் கிடந்தான். சிரட்டை அம்மாவின் கையில் இருந்தது. தண்ணீர் ஒரு சொட்டும் சிந்தவில்லை.

பொழுதுபடுகிற நேரத்தில் கரத்தை வந்தது. அதில் அப்பாவும் நானாவும் மட்டும் இருந்தார்கள். அப்பாவின் கையில் ஒரு தந்தி. தவிர்க்க முடியாத காரணத்தால் அத்தியட்சர் வரமாட்டார் என்று.

அடுத்த நாள் ஓவசியர் வந்து, சேமக்காலைக்குள் வைக்க ஏலாது என்றார். கல் நெஞ்சோடு சொல்லவில்லை, கண் கலங்கித்தான் சொன்னார். ஞானஸ்நானம் பெறாமல் செத்தவர்களுக்கு அடக்க ஆராதனை இல்லையென்று ஜெபப் புத்தகத்தில் அச்சாகி இருந்தது. போதாததற்கு, அது அத்தியட்சர் வந்து பரிசுத்தப்படுத்தப் போகிற நிலம். அப்பா தலையை ஆட்டினார். எந்தப் புத்தகத்தை வைத்து அவர் எங்களுக்கெல்லாம் படிப்பித்தாரோ, அந்தப் புத்தகம் அவர் கையிலேயே மூடிக் கிடந்தது.

“என்ட வளவுல வைங்க” என்றார் நானா. “அல்லாஹ்ட மண்ணுதானே. பச்சப் புள்ளைக்கு என்ன கணக்கு?”

கயிற்றுக்கு வெளியே ஐந்தாறு எட்டு வைத்தால் ஒரு பூவரசு. அதன் கீழே, பரசூட் துணிச் சட்டையோடு தம்பியை வைத்தோம். ஒருவரும் ஒன்றும் வாசிக்கவில்லை. நானாதான் உதட்டுக்குள் ஏதோ ஓதினார்.

அதற்குப் பிறகு அம்மா கோயிலுக்குள் போகவில்லை. சமைத்தா, தோய்த்தா, எனக்குத் தலை வாரினா. அப்பாவோடு மட்டும் கதையில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த வெடித்த மணி அடித்ததும் எழுந்து போய், கயிற்றுக்கு வெளியே தம்பிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு களப்புச் சிப்பிகளை ஒவ்வொன்றாக அடுக்குவா. உள்ளே அப்பா ஜெபத்தில் ஒரே வரியை இரண்டு தரம் வாசிப்பார். உபதேசியாரின் பெண்சாதிக்கு அகங்காரம் என்று சனம் கதைத்தது. அப்படிக் கதைத்தவர்களில் உங்கள் அம்மாமாரும் உண்டு. கோபத்தில் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து, நாலாம் முறையாக, அத்தியட்சர் உண்மையாகவே வந்தார். அவருடைய கார் மணலில் புதைந்து போக, நானாவின் கரத்தையில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். கத்தோலிக்கரின் மேற்றிராணியார் வந்தால் மேளம், தோரணம், வெடி. எங்கள் ஆள் தும்புத் தூசி தட்டிக்கொண்டு இறங்கி, மாட்டின் கழுத்தைத் தடவி நன்றி சொன்னார். அலுமாரிக் கதவில் இருந்த அதே மூக்கு. ஆள்தான் படத்தைவிடக் கூனியிருந்தார், புதைந்த காரை இறங்கித் தள்ளியதால் சப்பாத்து வாய் பிளந்திருந்தது.

இரவுச் சாப்பாட்டுக்குக் குரக்கன் பிட்டும் திருக்கைக் கறியும். பாயில் சப்பணமிட்டு இருந்து சாப்பிட்டார். “இன்னும் சிறிது பிட்டு அருந்தலாமோ?” என்று பண்டிதர் தமிழில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவருக்கும் தெரிந்தது, அடுத்த முறை வேண்டுமென்றே இன்னும் பெரிய சொல்லாகப் போட்டார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்து எடுத்து மூடினார். அம்மா கறிச் சட்டியைக் கதவருகில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டா.

விடியற்காலையில் அப்பா என்னிடம் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். அத்தியட்சர் தங்கியிருந்தது நம் பள்ளிக்கூடத்தில். போய்ப் பார்த்தால், பனியனோடு வாசற்படியில் இருந்து சப்பாத்துத் தைத்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் ஒரு சின்னத் தகரப் பெட்டி, அதில் குத்தூசி, மெழுகுக் கட்டி, நூல் உருண்டை.

“ஐயாவுக்கு இது தெரியுமோ?”

“என் தகப்பனாரின் தொழில், பிள்ளை. பிரசங்கத்தைவிட இது எனக்கு நன்றாக வரும்.”

நூலை மெழுகில் இழுத்தார். ஊசியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். பொழுது சரியாக விடியவில்லை, மூக்குக் கண்ணாடியும் இல்லை. ஒரே தரத்தில் கோத்துவிட்டார். என் அம்மா நல்ல பகலிலேயே நூலின் நுனியை இரண்டு தரம் வாயில் வைத்துத்தான் கோர்ப்பா. அதனால்தான் எனக்கு அது மறக்கவில்லை.

“உனக்குச் சகோதரர் உண்டோ?” என்று கேட்டார்.

“ஒரு தம்பி.”

“நேற்று நான் அவனைக் காணவில்லையே. பெயர் என்ன?”

“பேர் இல்ல. உங்கட பேரைத்தான் வைக்கிறதெண்டு அப்பா சொன்னவர். நீங்க வந்து தண்ணி ஊத்துவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனாங்கள்.”

ஊசி நின்றது.

“இப்போது எங்கே?”

“அங்க, கயித்துக்கு அங்கால. மூண்டாம் முறை நீங்க வாறன் எண்டு போட்டு வரேல்லத்தானே, அண்டைக்குத்தான் செத்தவன்.”

ஒன்பது வயதில் எனக்கு அதை வேறு மாதிரிச் சொல்லத் தெரியவில்லை. அவர் ஊசியைத் தகரப் பெட்டிக்குள் வைத்தார். பிறகு தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்தார். “காட்டு” என்றார். ஒரு காலில் சப்பாத்து, மறுகால் வெறுங்கால். அப்படியே என் பின்னால் பனி ஈரமான மணலில் நடந்து வந்தார்.

பூவரசின் கீழே சிப்பி அடுக்கிய இடத்தைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். நானா அப்போதுதான் மாட்டை அவிழ்த்துக்கொண்டு வந்தார்.

“இந்த நிலம் உங்களுடையதோ?” என்று அத்தியட்சர் கேட்டார்.

“ஓம் தொர, என்ட வளவுதான்.”

“இந்த மூலையைக் கோயிலுக்குத் தருவீர்களோ?”

“நான் அண்டைக்கே புள்ளைக்குக் குடுத்திட்டேன். இனி அது புள்ளைட இடம். என்னத்துக்கு என்னைக் கேக்கிறீங்க?”

அத்தியட்சர் நானாவின் கையை இரண்டு கையாலும் பிடித்தார். பிறகு கயிறு கட்டியிருந்த கட்டையையும் பூவரசையும் மாறி மாறிப் பார்த்தார். என்னிடம் ஒன்றுதான் கேட்டார்.

“இன்று ஆராதனையின்போது உன் அம்மா எங்கே நிற்பார்?”

“இஞ்சதான்.”

“நல்லது” என்றார்.

பதினொரு குடும்பமும் வந்திருந்தது. வேடிக்கை பார்க்கக் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் பாதையோரம் நின்றார்கள். மரச் சிலுவையைத் தூக்கிக்கொண்டு முன்னால் அப்பா. அடுத்தது வெள்ளை அங்கியும் வளைந்த கோலுமாக அத்தியட்சர். பின்னால் புத்தளத்துக் குருவானவர், ஓவசியர், நாங்கள் எல்லோரும். அத்தியட்சர் புத்தகத்தைப் பார்க்கவில்லை. சங்கீதத்தைத் தமிழில் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு கயிற்றோரமாக நடந்தார். ஒரு பக்கம் முடிந்தது, இரண்டாவது பக்கமும் முடிந்தது. தென்மேற்கு மூலையில் அப்பா சிலுவையோடு கயிற்றின் வழியே திரும்பினார்.

அத்தியட்சர் திரும்பவில்லை. இடது கையால் அங்கியைத் தூக்கிப் பிடித்தார். தைத்த சப்பாத்தை உயர்த்திக் கயிற்றுக்கு அங்கால் வைத்தார். பிறகு மற்றக் காலையும் எடுத்து வைத்தார். சங்கீதம் ஒரு சொல்லும் தடுமாறவில்லை.

“ஐயா, ஐயா! கயிறு இஞ்சால!” என்று ஓவசியர் பதறினார். அத்தியட்சர் குரலைக் கொஞ்சம் உயர்த்திச் சங்கீதத்தைத் தொடர்ந்தார். “பாவம், கண் தெரியேல்ல” என்று ஓவசியர் குருவானவரின் காதில் சொன்னது எனக்கும் கேட்டது. அந்தக் கதை பிறந்தது அந்த நிமிஷத்தில்தான்.

அப்பா திரும்பிப் பார்த்தார். அத்தியட்சர் யாரை நோக்கிப் போகிறார் என்று கண்டார். அப்பாவின் முகம் அப்படி உடைந்ததை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. சிலுவையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஓடிவந்து, கயிற்றைத் தாண்டி, அத்தியட்சருக்கு முன்னால் போய் நின்று, பூவரசைச் சுற்றி வழி நடத்தினார். நானா மாட்டைப் பிடித்து ஒதுக்கிக்கொண்டார். சிப்பிகளுக்குப் பக்கத்தில் அம்மா எழுந்து நின்றா. நான் ஓடிப் போய் அவவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு முன்னால் வந்ததும் அத்தியட்சர் நின்றார். கிழவருக்கு மூச்சு வாங்குகிறது என்று சனம் நினைத்தது. அவர் மெல்லிய குரலில், எங்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

“அம்மா, கடைசி முறை மழையும் இல்லை, பெற்றோலும் இருந்தது. படையின் பெரிய அதிகாரி ஒருவர் விருந்துக்கு அழைத்தார். அதற்குப் போனேன். என்னை மன்னிக்க வேண்டும்.”

அம்மா அவருடைய முகத்தைப் பார்த்தா.

“இப்ப வந்திட்டீங்கள்தானே, ஐயா” என்றா.

அவர் தலை குனிந்தார். பிறகு எங்களையும் உள்ளே விட்டு வெளிப்பக்கமாகச் சுற்றி நடந்து, திரும்பவும் அங்கியைத் தூக்கிக் கயிற்றைத் தாண்டி, மற்ற இரண்டு பக்கத்தையும் முடித்தார்.

அன்றைக்கே பத்திரம் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். அத்தியட்சர் தானே பென்சிலால் எல்லையை வரைந்தார், அந்த மூலையில் ஒரு வளைவோடு. ஓவசியருக்குப் பொறுக்கவில்லை.

“ஐயா, அதை மட்டும் நேராக்கி எழுதுவமோ? தவறி நடந்ததுதானே?”

“நான் நடந்தது இப்படித்தான்” என்றார் அத்தியட்சர். “நடக்காத வழியை எழுதிக் கையெழுத்து வைக்க என்னால் இயலாது.”

கவனியுங்கள். தவறி நடந்தேன் என்று அவர் சொல்லவே இல்லை. பொய் சொல்லவில்லை. ஊர் தன்னைக் குருடன் என்று நினைக்க விட்டுவிட்டார், அவ்வளவுதான். உண்மையைச் சொல்லியிருந்தால், ஞானஸ்நானம் இல்லாத பிள்ளை பரிசுத்த நிலத்தில் கிடக்கலாமா என்று வழக்கு வந்திருக்கும். பிள்ளையைக் காக்க வைத்த தகப்பன் யார் என்று கதை வந்திருக்கும். ஓவசியரோ சாகும் வரை சாட்சி சொன்னார்: புத்தகத்தை வாசிக்கக் கண் இல்லாததால்தான் மனுஷன் சங்கீதத்தை மனப்பாடம் பண்ணி வைத்திருந்தார் என்று! உபதேசியாரான என் அப்பா அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருப்பார். நானா தன் மௌத்து வரைக்கும் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. அவர்கள் சொல்லாததை நான் எப்படிச் சொல்வேன்?

அன்று ஆராதனைக்கு அம்மா கோயிலுக்குள் வந்தா. கடைசி வாங்கில் என் பக்கத்தில் இருந்தா. வீட்டுக்குப் போனதும், “சாப்பிட வாங்கோ” என்று அப்பாவைக் கூப்பிட்டா. இரண்டு மாதத்துக்குப் பிறகு அவர் கேட்ட முதல் வார்த்தை அது. அப்பா சோற்றுக் கோப்பையின் முன்னால் இருந்து அழுதார். அம்மா அவர் அழுது முடியும் வரை கறிக்கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றா.

அடுத்த வருஷமே எங்களை யாழ்ப்பாணத்துக்கு மாற்றிவிட்டார்கள். நாடு சுதந்திரம் பெற்ற பிறகு அத்தியட்சர் ஓய்வு பெற்றுத் தன் ஊருக்குக் கப்பலேறினார். கடலோரத்தில் வயதான குருமாருக்கான ஒரு வீட்டில் இருந்தாராம். அங்கே மற்றக் கிழவர்களின் சப்பாத்தெல்லாம் அவர்தான் தைத்துக் கொடுத்தாராம். இதை அவரே அப்பாவுக்கு எழுதியிருந்தார். அப்பா ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் கடிதம் போடுவார், அவரும் தவறாமல் பதில் போடுவார், எப்போதும் தமிழில். ஒரு வருஷம் பதில் வரவில்லை. அந்தக் கடிதக் கட்டு பின்னாளைய நாட்டுச் சண்டையில் யாழ்ப்பாணத்து வீட்டோடு போய்விட்டது. அப்பாவும் அம்மாவும் அங்கேதான் அடக்கம். தம்பி மட்டும் தனியே அந்த வளைவுக்குள்.

அந்த விருந்துக்குப் போனதை நான் மன்னித்துவிட்டேனா என்று கேட்டால், அரைவாசி என்றுதான் சொல்லுவேன். அம்மா முழுதாக மன்னித்தா, அது அவவின் பெருந்தன்மை. ஆனால் எத்தனையோ பெரிய மனிதர்களை இந்த வயதுக்குள் பார்த்துவிட்டேன். செய்த பிழையை ஒரு உப்பளத்து ஊரின் ஏழைப் பெண்ணிடம் நேரே சொல்லி, அந்தப் பிழைக்காக ஊர்ச் சிரிப்பையும் வாங்கிக்கொண்டு போன இன்னொருவரை நான் கண்டதில்லை. அவருடைய வாழ்க்கையை எழுதுகிறவர்கள் பதவியையெல்லாம் வரிசையாக எழுதட்டும். அந்த ஐந்தாறு எட்டையும் சேர்த்து எழுதட்டும்.

மலர்க் குழுவுக்கு இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. கிழவிக்கு மாறாட்டம் என்று நினைத்திருப்பார்கள். நீங்களும் ஆளுக்கொன்று எழுதினால் கேட்பார்கள். அன்று நீங்களும் வரிசையில் பின்னால் வந்தவர்கள்தானே? அங்கியைத் தூக்கிப் பிடித்துக் காலை உயர்த்தி வைத்ததை நீங்களும் கண்டீர்கள்தானே? கயிறு தெரியாத மனுஷர் கயிற்றில் தடுக்கி விழுவாரா, இல்லை, போகும்போதும் வரும்போதும் அழகாகத் தாண்டுவாரா என்று அந்தப் பிள்ளைகளைக் கேளுங்கள். அரைகுறை வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோத்தவர் அவர் என்று நான் சத்தியக் கடதாசி வேண்டுமானாலும் தருகிறேன்.

மதிலைக் கட்டட்டும், நல்ல சீமெந்தில் உறுதியாகக் கட்டட்டும். அந்த மூலைக்கு வந்ததும் மேசன் நூல் பிடிக்க வேண்டாம். அத்தியட்சர் நடந்த வழியே வளைத்துக் கட்டட்டும். என் தம்பி ஒரு முறை வெளியே காத்துக் கிடந்தது போதும்.